கஞ்சாப் பழக்கம் எப்போது நோயாகிறது? நோயறிதலும் மரபணுவும் கூறும் உண்மைகள்

கஞ்சாப் பழக்கத்துக்கு ஆளான ஒருவரை மருத்துவரிடம் அழைத்து வரும் குடும்பத்தாரின் மனத்தில் பெரும்பாலும் இரண்டு கேள்விகள் இருக்கும். முதற் கேள்வியை வெளிப்படையாகவே கேட்பார்கள்: "இது உண்மையிலேயே நோய்தானா? அல்லது சேர்க்கை சரியில்லாமல் வந்த திமிரா?" இரண்டாவது கேள்வி, நோயாளி அறையை விட்டு வெளியே சென்ற பிறகே, தாழ்ந்த குரலில் வரும்: "எங்கள் பரம்பரையிலிருந்து வந்திருக்குமா? இளையவனுக்கும் வந்துவிடுமா?"

இரண்டும் நியாயமான கேள்விகளே. இவற்றுக்குத் தெளிவான விடை கிடைக்காததால் ஏற்படும் இழப்பு பெரிது. சேத்தியாத்தோப்பு போன்ற ஊரில் ஒரு வீட்டுச் செய்தி அடுத்த தெருவுக்குப் போக நெடுநேரம் ஆவதில்லை. மகளின் திருமணப் பேச்சு, மகன் எதிர்பார்த்திருக்கும் நெய்வேலி வேலை, கல்லூரியில் நற்பெயர் ஆகியவற்றை எண்ணிக் குடும்பம் செய்தியை மூடி மறைக்கிறது. மறைக்கும் காலமெல்லாம் சிகிச்சை தள்ளிப்போகிறது. நோயென்று ஒப்புக்கொண்டால் குடும்ப இரத்தத்துக்கே களங்கம் வந்துவிடும் என்ற அச்சமே பலரை மருத்துவமனை வாயிலில் தடுத்து நிறுத்துகிறது. அந்த அச்சத்துக்கு அறிவியல் இடமளிக்கிறதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

எத்தனை பேருக்கு இந்தத் துன்பம்?

இந்திய அரசின் சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகத்துக்காக, தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசியப் போதை மீட்புச் சிகிச்சை மையம் நாடு முழுவதும் ஆய்வொன்றை நடத்தி, 2019-இல் அறிக்கை வெளியிட்டது. பாங்கு, கஞ்சா, சரஸ் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை ஓராண்டுக்குள் பயன்படுத்தியவர்கள், 10 முதல் 75 வயது வரையுள்ள இந்தியர்களில் 2.8 சதவீதத்தினர், அதாவது ஏறத்தாழ 3.1 கோடிப் பேர், என்று அது கணக்கிட்டது. இவர்களுள் ஏறத்தாழ 72 இலட்சம் பேருக்கே இப்பழக்கத்தால் வந்த பிரச்சினைகளுக்கு உதவி தேவைப்பட்டது. சார்புநிலை என்னும் கடுமையான கட்டத்தை அடைந்தவர்கள் ஏறத்தாழ 25 இலட்சம் பேர்.

இந்த எண்களை இரு வகையில் படிக்கலாம். 72 இலட்சம் என்பது பெருந்தொகை. ஆகவே உங்கள் வீட்டுக்கு மட்டும் நேர்ந்த அவமானமாக இதைக் கருத வேண்டியதில்லை. அதே வேளையில், பயன்படுத்தியவர் அனைவரும் நோயாளராகவும் இல்லை. பயன்பாடு வேறு, நோய் வேறு. நோயறிதலுக்கும் மரபணு ஆய்வுக்கும் அடிப்படையான உண்மை இதுவே.

மூளைக்குள் நடப்பது என்ன?

கஞ்சாவின் போதைக்கு முதன்மைக் காரணமான டி.எச்.சி. என்னும் வேதிப்பொருளை 1964-இல் இஸ்ரேலைச் சேர்ந்த ரபேல் மெக்கூலமும் அவருடைய உடனாய்வாளர் யெகியேல் காவோனியும் பிரித்தெடுத்தனர். அது மூளையில் எங்கே போய்ப் பொருந்துகிறது என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. பின்னர் நரம்பணுக்களின்மீது அதற்குரிய ஏற்பிகள் கண்டறியப்பட்டன. 1992-இல் மெக்கூலத்தின் ஆய்வுக்குழு, அதே ஏற்பிகளில் பொருந்தக்கூடிய ஒரு பொருளை நம் மூளையே இயற்கையாகச் சுரப்பதைக் கண்டறிந்தது. 'ஆனந்தம்' என்னும் வடசொல்லைக் கொண்டு அதற்கு 'ஆனந்தமைடு' என்று பெயரிட்டனர்.

பசி, உறக்கம், நினைவு, அச்சம், மகிழ்ச்சி ஆகியவற்றைச் சமன் செய்வதில் இந்த இயற்கைப் பொருளுக்குப் பங்குண்டு. தேவைப்படும் இடத்தில், தேவைப்படும் நேரத்தில் சிறிதளவு சுரந்து, வேலை முடிந்ததும் அது சிதைந்துவிடும். கஞ்சாவிலிருந்து வரும் டி.எச்.சி.யோ மூளை முழுவதும் ஒரே சமயத்தில் பரவி நெடுநேரம் தங்குகிறது. வாய்க்காலில் மடை திறந்து பாய்ச்ச வேண்டிய வயலில் ஏரி உடைத்துக்கொண்டு புகுந்தது போன்ற நிலை அது. நாள்தோறும் இவ்வாறு நடந்தால் மூளை தன் ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கிறது. அப்போது பழைய அளவு போதாமற்போகிறது. கஞ்சா இல்லாத வேளையில் உறக்கமும் பசியும் மனஅமைதியும் கெடுகின்றன. கஞ்சாவை நிறுத்தினால் ஏற்பிகள் படிப்படியாக மீள்கின்றன என்பது நம்பிக்கையளிக்கும் செய்தி.

"கஞ்சா மூலிகைதானே, சித்த மருந்துகளில் சேர்க்கிறார்களே" என்று சில இளைஞர்கள் வாதிடுவதுண்டு. மருந்துகள் மற்றும் அழகுப் பொருட்கள் விதிகளின் அட்டவணையில், சித்த மருத்துவத்தில் பயன்படும் நச்சுப் பொருள்களின் வரிசையிலேயே கஞ்சா இடம்பெற்றுள்ளது. மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டிய பொருள் அது. மருத்துவர் அளந்து தரும் மருந்தும், பீடியில் திணித்துப் புகைக்கும் பொட்டலமும் ஒன்றாகமாட்டா.

நோயை எவ்வாறு உறுதிசெய்கிறார்கள்?

சர்க்கரை நோய்க்கு இரத்தப் பரிசோதனை இருப்பது போல இந்நோய்க்கு ஒரு பரிசோதனை இல்லை. மருத்துவர் நோயாளியுடனும் குடும்பத்தாருடனும் பேசியே இதைக் கண்டறிகிறார். அந்தப் பேச்சுக்கு ஓர் ஒழுங்குமுறை உண்டு. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட டி.எஸ்.எம்-5 கையேடு 11 அடையாளங்களைத் தருகிறது. கடந்த 12 மாதங்களில் பின்வருவனவற்றுள் எவை இருந்தன என்று மருத்துவர் பார்க்கிறார்:

1. எண்ணியிருந்த அளவைவிட மிகுதியாகவோ, எண்ணியிருந்த காலத்தைவிட நீண்டோ பயன்படுத்துதல்.
2. குறைக்க அல்லது விட விரும்பியும், முயன்றும், முடியாமற்போதல்.
3. அதைத் தேடி வாங்குவதிலும், பயன்படுத்துவதிலும், போதை தெளிவதிலும் நெடுநேரம் கழிதல்.
4. அடக்க முடியாத ஏக்கம்.
5. வேலை, படிப்பு, வீட்டுப் பொறுப்பு ஆகியவற்றில் மீண்டும் மீண்டும் தவறுதல்.
6. உறவுகளில் பிணக்கு ஏற்பட்டும் தொடர்ந்து பயன்படுத்துதல்.
7. விளையாட்டு, நட்பு, கோயில் திருவிழா, வேலை என முன்பு முக்கியமாக இருந்தவற்றைக் கைவிடுதல்.
8. மோட்டார் வண்டி ஓட்டுதல், எந்திரங்களை இயக்குதல் போன்ற ஆபத்தான சூழல்களிலும் பயன்படுத்துதல்.
9. உடல்நலமோ மனநலமோ இதனால் கெடுகிறது என அறிந்தும் நிறுத்தாமை.
10. அதே விளைவுக்கு அதிக அளவு தேவைப்படுதல்.
11. நிறுத்தினால் விலகல் அறிகுறிகள் தோன்றுதல்.

இவற்றுள் 2 அல்லது 3 இருந்தால் இலேசான நிலை. 4 அல்லது 5 இருந்தால் நடுத்தர நிலை. 6 அல்லது அதற்கு மேல் இருந்தால் கடுமையான நிலை. இவற்றோடு வாழ்க்கையில் குறிப்பிடத்தக்க பாதிப்போ துன்பமோ இருக்க வேண்டும். உலக சுகாதார அமைப்பின் ஐ.சி.டி-11 வகைப்பாடு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதுவும் இதே திசையில், கட்டுப்பாடு இழத்தல், வாழ்வில் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக அப்பொருளே முதன்மை பெறுதல், உடல் அதற்குப் பழகிவிடுதல் ஆகிய மூன்றையும் அடையாளங்களாகக் கொள்கிறது.

இந்த 11 அடையாளங்களை மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். 'ஒழுக்கம் கெட்டவன்', 'சோம்பேறி', 'பெற்றோரை மதிக்காதவன்' என்ற சொற்கள் எவற்றிலும் இல்லை. ஒருவர் தம்மையே கட்டுப்படுத்த இயலாமற்போனதைத்தான் அவை விவரிக்கின்றன. முதற் கேள்விக்கான விடையும் அதுவே. இந்த அடையாளங்கள் இருப்பின், அது திமிரன்று, நோய்.

சிறுநீர்ப் பரிசோதனை எதைச் சொல்லும்?

மருந்துக் கடையில் பரிசோதனை அட்டை வாங்கி வந்து, மகனை வற்புறுத்திச் சோதித்துப் பார்க்கும் பெற்றோர் உண்டு. அந்த அட்டை, டி.எச்.சி. உடலில் சிதைந்து உண்டாகும் பொருள் சிறுநீரில் இருக்கிறதா என்பதை மட்டுமே காட்டும். எப்போதோ ஒருமுறை பயன்படுத்தியவருக்குச் சில நாட்களில் அது மறைந்துவிடும். நாள்தோறும் பயன்படுத்தி வந்தவருக்கு, நிறுத்திய பிறகும் சில வாரங்கள் வரை அது தென்படலாம். டி.எச்.சி. கொழுப்பில் கரைந்து உடலில் தங்குவதே இதற்குக் காரணம்.

ஆகவே 'இருக்கிறது' என்று அட்டை காட்டினால் ஒருவர் பயன்படுத்தினார் என்பது தெரியும். அவருக்கு நோய் இருக்கிறதா என்பது தெரியாது. இரண்டு வாரங்களாக உண்மையாகவே நிறுத்தியிருக்கும் மகனை அதே அட்டையைக் காட்டிப் பொய்யன் என்று ஏசினால், அவர் முயற்சியையே கைவிட்டுவிடக்கூடும். சிகிச்சைக் காலத்தில் மருத்துவர் கேட்டுக்கொண்டால், நோயாளியின் ஒப்புதலுடன் செய்யும் பரிசோதனைக்குப் பயனுண்டு. வீட்டில் வற்புறுத்திச் செய்யும் சோதனை பெரும்பாலும் நம்பிக்கையையே முறிக்கிறது.

நிறுத்திய முதல் 2 வாரங்கள்

'கஞ்சாவுக்கு உடல் அடிமையாகாது' என்று ஒரு காலத்தில் கருதப்பட்டது. டி.எஸ்.எம்-5 கையேடு 2013-இல்தான் கஞ்சா விலகல் அறிகுறிகளைத் தனியாக ஏற்றுக்கொண்டது. எரிச்சல், கோபம், பதற்றம், உறக்கமின்மை, விசித்திரமான கனவுகள், பசியின்மை, அமைதியின்மை, மனச்சோர்வு ஆகியன முக்கியமானவை. சிலருக்கு வயிற்று வலி, வியர்வை, நடுக்கம், தலைவலியும் வரும். நிறுத்திய 1 முதல் 3 நாட்களுக்குள் தொடங்கி, முதல் வாரத்தில் உச்சமடைந்து, ஏறத்தாழ 2 வாரங்களில் இவை தணியும். உறக்கக் கோளாறு மட்டும் இன்னும் சில காலம் நீடிக்கலாம்.

பெரும்பாலான குடும்பங்கள் தவறாகப் புரிந்துகொள்ளும் காலம் இதுவே. தட்டை எடுத்து எறிகிறார், இரவெல்லாம் உறங்காமல் நடக்கிறார், கேட்டதற்கெல்லாம் சீறுகிறார். "விட்ட பிறகும் இவன் குணம் மாறவில்லையே" என்று தாயார் மனமுடைகிறார். உண்மையில் அந்தச் சீற்றம், அவர் நிறுத்தியிருக்கிறார் என்பதன் அடையாளமாக இருக்கலாம். அந்த நாட்களில் வாக்குவாதத்தைத் தவிர்த்து, எளிய உணவும் நிறைய நீரும் தந்து, காலையில் சிறிது நடக்க அழைத்துச் செல்லுங்கள். உறக்கம் அறவே இல்லையெனில் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்துக் கடையில் தாமாகத் தூக்க மாத்திரை வாங்கித் தருவது ஆபத்தானது.

பழைய பதிவேடு தரும் பாடம்

நோயறிதலில் அவசரம் கூடாது என்பதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே சான்று உண்டு. 1893-இல் ஆங்கிலேய அரசு 'இந்தியச் சணல் போதைப்பொருள் ஆணையம்' ஒன்றை அமைத்தது. அது நாடெங்கும் 1,193 சாட்சிகளிடம் விசாரித்து, அடுத்த ஆண்டு அறிக்கை அளித்தது. கஞ்சா பித்துப்பிடிக்கச் செய்கிறதா என்பது அதன் முக்கியக் கேள்விகளுள் ஒன்று. அக்கால மனநோய் விடுதிகளின் பதிவேடுகளில், 'நோய்க்குக் காரணம்' என்ற இடத்தில் பலருக்குக் 'கஞ்சா' என்று எழுதப்பட்டிருந்தது. ஆணையத்தினர் அந்நோயாளரின் வரலாறுகளைத் தனித்தனியே ஆராய்ந்தபோது, பலவற்றில் முறையான விசாரணையே நடக்கவில்லை என்பது வெளிப்பட்டது. நோயாளியை ஒப்படைத்தவர்கள் கூறியதையோ, அவர் முன்பு கஞ்சா புகைத்தார் என்ற ஒன்றையோ கொண்டு அந்த இடத்தை நிரப்பியிருந்தனர்.

இன்றும் அந்தத் தவறு இரு பக்கமும் நேர்கிறது. மனச்சோர்வோ மனச்சிதைவோ உள்ள ஓர் இளைஞரைக் 'கஞ்சாக் குடிக்கி' என்று ஒதுக்கி, மூல நோயைக் கவனியாமல் விடுகிறோம். மறுபுறம், கஞ்சாவால் வந்த மனப்பிறழ்வைச் 'செய்வினை' என்று எண்ணி மாதங்களை வீணாக்குகிறோம். காதில் குரல்கள் கேட்டல், எல்லாரும் தம்மைக் கொல்லச் சதி செய்கிறார்கள் என்று உறுதியாக நம்புதல், தற்கொலை எண்ணம் ஆகியவை தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு வாருங்கள். ஐரோப்பாவின் பல நகரங்களிலும் பிரேசிலிலும் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான ஆய்வு, நாள்தோறும் கஞ்சா பயன்படுத்துவோருக்கு மனப்பிறழ்வு வரும் வாய்ப்பு, ஒருபோதும் பயன்படுத்தாதவரைவிட ஏறத்தாழ 3 மடங்கு என்றும், டி.எச்.சி. செறிவு மிகுந்த வகையை நாள்தோறும் பயன்படுத்துவோருக்கு ஏறத்தாழ 5 மடங்கு என்றும் கண்டது.

பரம்பரையின் பங்கு எவ்வளவு?

இனி, தாழ்ந்த குரலில் கேட்கப்படும் இரண்டாம் கேள்விக்கு வருவோம்.

ஒருகரு இரட்டையர்க்கு மரபணுக்கள் ஏறக்குறைய முழுவதும் ஒன்றே. இருகரு இரட்டையர்க்கு, மற்ற உடன்பிறந்தாரைப் போல, மாறுபடும் மரபணுக்களில் சராசரியாகப் பாதியே பொது. இருவகையினரையும் ஒப்பிட்டால் பரம்பரையின் பங்கை மதிப்பிடலாம். மேலைநாட்டு இரட்டையர் ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கஞ்சாவால் பிரச்சினைக்கு ஆளாவதில் மரபணுக்களின் பங்கு ஆண்களிடம் 51 சதவீதம், பெண்களிடம் 59 சதவீதம் என்று மதிப்பிட்டது. சுருங்கச் சொன்னால், ஏறத்தாழ பாதி.

இந்தப் 'பாதி' என்ற சொல் பெரும் மயக்கத்தைத் தருவது. 'பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர 50 சதவீத வாய்ப்பு' என்று அதற்குப் பொருளில்லை. 'என் மகனின் நோயில் பாதி என்னால்' என்றும் பொருளில்லை. ஒரு மக்கள் கூட்டத்தில் ஒருவருக்கொருவர் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ பாதியை மரபணு வேறுபாடுகளோடு தொடர்புபடுத்தலாம் என்பதே அதன் பொருள். உழவர் அறிந்த உவமை ஒன்று கூறலாம். ஒரே வயலில், ஒரே நீரில் இரண்டு வகை விதைநெல்லை விதைத்தால் விளைச்சலின் வேறுபாட்டுக்கு விதையே காரணம். ஒரே விதைநெல்லை வீராணம் ஏரிப் பாசன வயலிலும் மழையை நம்பிய மேட்டு நிலத்திலும் விதைத்தால் வேறுபாட்டுக்கு நிலமும் நீருமே காரணம். விதையின் பங்கு இவ்வளவு என்று எல்லா நிலத்துக்கும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. கஞ்சாவே கைக்கு எட்டாத சூழலில், எத்தகைய மரபணு இருந்தாலும் இந்நோய் முளைப்பதில்லை.

எந்த மரபணு?

'கஞ்சா மரபணு' என்று ஒன்று இல்லை. 2019-இல் டென்மார்க் நாட்டினரைக் கொண்டு நடந்த ஆய்வொன்று, சி.எச்.ஆர்.என்.ஏ-2 என்னும் மரபணுவின் செயல்பாட்டோடு இந்நோய்க்குத் தொடர்பு கண்டது. அது நிக்கோட்டின் பொருந்தும் ஏற்பியொன்றின் பகுதியை உருவாக்கும் மரபணு. நம் பகுதியில் கஞ்சாவைப் பெரும்பாலும் பீடி, சிகரெட்டின் புகையிலையோடு கலந்தே புகைப்பதால், ஒருவர் இரண்டையும் சேர்த்து விடுவது பற்றி மருத்துவரிடம் பேசுவது நல்லது. 2020-இல், நோயுற்ற 20,916 பேரையும் நோயற்ற 3,63,116 பேரையும் ஒப்பிட்ட பேராய்வு, அந்தப் பகுதியை மீண்டும் உறுதிசெய்ததோடு ஃபாக்ஸ்பி-2 என்னும் மரபணுவையும் சுட்டியது. 2023-இல் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் மரபணுத் தகவல்களை ஆராய்ந்தபோது, ஐரோப்பிய வம்சாவளியினரிடம் மட்டும் 22 இடங்கள் தென்பட்டன. ஒவ்வோர் இடத்தின் பங்கும் மிகச் சிறிது. பொதுவாகக் காணப்படும் மரபணு வேறுபாடுகள் அனைத்தையும் கூட்டினாலும், விளக்க முடிவது வேறுபாட்டில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியே உள்ளது.

2020-ஆம் ஆண்டு ஆய்வு மற்றொரு செய்தியையும் தந்தது. கஞ்சாவைப் பழகிப் பார்ப்பதோடு தொடர்புடைய மரபணுக் கூறுகளும், கஞ்சா நோய்க்கு ஆளாவதோடு தொடர்புடைய மரபணுக் கூறுகளும் ஓரளவே ஒத்துப்போகின்றன. நோயோடு தொடர்புடையவை மனச்சிதைவு, மனச்சோர்வு, கவனக்குறைவு மிகைச்செயல் கோளாறு, புகையிலைச் சார்பு ஆகியவற்றோடும் பகிரப்படுகின்றன. ஆக, 11 அடையாளங்களைக் கொண்டு மருத்துவர் பிரித்தறிவதை மரபணுவும் வேறொரு வழியில் காட்டுகிறது. பயன்பாடு வேறு, நோய் வேறு.

இதிலிருந்து குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் மேலும் மூன்று கேள்விகளுக்கும் விடை கூறலாம்.

"அத்தை மகளை மணந்ததால் வந்ததா?" நெருங்கிய உறவில் மணப்பதால், இருபுறமும் ஒரே மரபணுப் பிழை சேர்வதால் வரும் சில அரிய நோய்களின் வாய்ப்பு கூடும் என்பது உண்மை. கஞ்சா நோய் அவ்வகையினது அன்று. எண்ணற்ற மரபணுக்களின் சிறு பங்குகளும் சூழலும் கூடி உருவாவது. இதற்காக யாரும் தம் திருமணத்தை நொந்துகொள்ள வேண்டியதில்லை.

"மரபணுப் பரிசோதனை செய்து பார்க்கலாமா?" இன்றைய நிலையில் தேவையில்லை. ஒருவருக்கு இந்நோய் வருமா என்று கூறும் திறன் எந்தப் பரிசோதனைக்கும் இல்லை. மேற்சொன்ன 2023-ஆம் ஆண்டுப் பேராய்வு ஆராய்ந்த மக்கள் ஐரோப்பிய, ஆப்பிரிக்க, கலப்பு அமெரிக்க, கிழக்காசிய வம்சாவளியினர்; தென்னாசியர் ஒரு தனிக் குழுவாக அதில் இல்லை. அந்த முடிவுகளைக் கொண்டு கடலூர் மாவட்டத்து இளைஞர் ஒருவருக்கு மதிப்பெண் போடுவது, பிறருக்கு அளந்து தைத்த சட்டையை நமக்கு மாட்டுவது போலாகும். இந்தக் குறையை நிரப்பும் பணி நம் நாட்டில் தொடங்கியுள்ளது. பெங்களூரு நிமான்ஸ் நிறுவனத்தை மையமாகக் கொண்ட 'சி-வேதா' ஆய்வு, 6 முதல் 23 வயது வரையுள்ளோரை இந்தியாவின் பல பகுதிகளில் தொடர்ந்து கவனித்து, மரபணுவும் சூழலும் எவ்வாறு இணைந்து போதைப் பழக்கத்துக்கு வழிவகுக்கின்றன என்று ஆராய்கிறது. அதே நிறுவனம் ஈடுபட்டுள்ள மற்றோர் ஆய்வு, ஒரே குடும்பத்தில் பலருக்கு மனநோயோ போதைச் சார்போ உள்ள குடும்பங்களை ஆராய்ந்து வருகிறது.

"இளையவனுக்கும் வருமா?" வர வேண்டும் என்ற விதி இல்லை. ஆனால் வாய்ப்பு மற்றவரைவிடக் கூடுதல் என்று கருதி முன்னெச்சரிக்கையாக இருப்பது அறிவுடைமை. இங்கே குடும்ப வரலாறு எந்த விலையுயர்ந்த பரிசோதனையையும்விடப் பயன்படும். கஞ்சா பயன்படுத்துவோரில் ஏறத்தாழ 10-இல் ஒருவர் சார்புநிலையை அடைகிறார் என்பது பழைய மதிப்பீடு. பதின்பருவத்தில் தொடங்கியவர்களில் இது 6-இல் ஒருவர். மூளையின் வளர்ச்சி ஏறத்தாழ 25 வயது வரை தொடர்வதால், தொடங்கும் வயது முக்கியமாகிறது. மரபணுவை மாற்ற நம்மால் இயலாது. தொடங்கும் வயதைத் தள்ளிப்போடவும், தொடங்காமலே தடுக்கவும் இயலும். "அண்ணனைப் பார்த்துக் கெட்டுப்போகாதே" என்று மிரட்டுவதைவிட, "நம் குடும்பத்தில் இந்த நோய்க்கு இடமிருக்கிறது, நீ மற்றவரைவிட எச்சரிக்கையாக இருக்க வேண்டும்" என்று உண்மையைச் சொல்வது மேல். சர்க்கரை நோய் உள்ள குடும்பத்தில் இப்படித்தானே பேசுகிறோம்!

மருத்துவரிடம் வரும்போது

வீட்டில் ஒரு தாளில் மூன்று தலைமுறையை எழுதிக் கொண்டு வாருங்கள். தாத்தா, பாட்டி, பெற்றோர், பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை, உடன்பிறந்தோர் ஆகியோருள் யாருக்கேனும் மதுப்பழக்கம், புகையிலை, மனநோய், தற்கொலை முயற்சி இருந்ததா என்று குறியுங்கள். தாய்வழி, தந்தைவழி இரண்டையும் எழுதுங்கள். யார் பக்கத்திலிருந்து வந்தது என்று பழி சுமத்த அன்று. நோயாளிக்கு மனச்சோர்வோ மனப்பிறழ்வோ சேர்ந்து வரும் வாய்ப்பை மருத்துவர் முன்கூட்டியே கவனிக்க உதவும். எந்த வயதில் தொடங்கினார், நாளுக்கு எத்தனை முறை, கடைசியாக எப்போது, வேறு மாத்திரைகளோ மதுவோ உண்டா என்பனவும் தேவை. அடிக்கடி வாந்தி எடுத்து, வெந்நீரில் குளித்தால் மட்டும் தணிகிறது என்றால் அதையும் சொல்லுங்கள். நெடுநாள் கஞ்சாப் பயன்பாட்டால் அத்தகைய நோய் வருவதுண்டு.

இந்நோய்க்கென்றே ஒப்புதல் பெற்ற மருந்து இதுவரை இல்லை. உறக்கமின்மை, பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றுக்கு மருந்து தரப்படலாம். சிகிச்சையின் முதுகெலும்பு உளவியல் ஆலோசனையே. மாற விரும்பும் எண்ணத்தை வளர்த்தல், ஏக்கம் வரும் சூழலை அறிந்து சமாளிக்கப் பயிற்றுதல், குடும்பத்தார்க்கு வழிகாட்டுதல் ஆகியவை இதில் அடங்கும். இடையில் ஒருமுறை தவறினால் எல்லாம் பாழாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். இரத்தக் கொதிப்பு ஒருமுறை ஏறினால் மருத்துவத்தையே விட்டுவிடுவதில்லை அல்லவா?

காவல்துறை வழக்கு வருமோ என்ற அச்சமும் பலரைத் தடுக்கிறது. சிகிச்சைக்கு வந்ததை மருத்துவர் ஊரறியச் சொல்வதில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சில விதிவிலக்குகள் நீங்கலாக, நோயாளியின் தகவல்களை இரகசியமாகக் காக்கும் உரிமையை அளிக்கிறது. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64-ஏ பிரிவோ, பயன்படுத்திய குற்றத்துக்கோ சிறிய அளவு தொடர்பான குற்றத்துக்கோ உள்ளானவர், அரசு அல்லது அரசு ஏற்ற நிறுவனத்தில் தாமே விரும்பிச் சிகிச்சை பெற்றால், வழக்கிலிருந்து பாதுகாப்புப் பெற வழி செய்கிறது. சிகிச்சையை முழுமையாக முடிக்காவிட்டால் அப்பாதுகாப்பு விலக்கப்படலாம். வழக்கு இருப்பின், கடலூர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச ஆலோசனை பெறலாம். தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்க்க எண்ணினால், அது முறையாகப் பதிவு பெற்றதா என்று முதலில் கேளுங்கள். நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது.

நம் பகுதியினருக்குச் சிதம்பரம் அண்ணாமலை நகரிலுள்ள அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் ஆகியவை எட்டும் தொலைவில் உள்ளன. நேரில் வரத் தயக்கமாக இருந்தால், தேசியப் போதை மீட்பு உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கான டெலி-மானஸ் எண் 14416, தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104 ஆகியவற்றில் பேசலாம்.

நோயாளி வர மறுத்தால் குடும்பத்தார் மட்டுமேனும் முதலில் வாருங்கள். அவரிடம் எவ்வாறு பேசுவது, எதைக் கேட்காமல் விடுவது என்பதை அறிந்து திரும்பலாம். பல வீடுகளில் சிகிச்சை அப்படித்தான் தொடங்குகிறது.